ஒரு பக்கம், ஒரு மணி நேரம்: 4 கேபி மெமரியில் டேட்டாவையும் மெட்டாடேட்டாவையும் சேர்த்து வைப்பது எப்படி?

திருமங்கலம் பக்கம் சித்தப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. மார்கழி, தை குளிரில் பூ வரத்து குறைந்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை எகிறும். "ராத்திரி எவ்வளவு குளிருதுன்னு குறிச்சு வைக்க ஏதாவது பண்ணுடா" என்றார். ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டி கம்ப்யூட்டர் பலகை, டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், டிஎஸ்3231 கடிகார மாட்யூல், இந்த மூன்றையும் மோட்டார் ரூமில் மாட்டினேன்.

அந்தக் கடிகாரப் பலகையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஏடி24சி32 என்ற இஇப்ராம் சிப் ஒன்று சும்மாவே உட்கார்ந்திருக்கும். 4096 பைட், கரண்ட் போனாலும் அழியாது. உள்ளே 32 பைட் கொண்ட 128 பக்கங்கள், அதாவது சிப் ஒரே மூச்சில் எழுதக்கூடிய துண்டுகள். நமக்கு இது போதும்.

முதலில் பேப்பரில் கணக்குப் போடுங்கள், புரோகிராம் எழுதுவது அப்புறம். 5 நிமிடத்துக்கு ஒரு அளவு, ஒவ்வொன்றும் 2 பைட். ஒவ்வொரு அளவோடும் நேரத்தையும் எழுதினால் அதற்கு 4 பைட், அதாவது சரக்கை விடச் சீட்டு கனம். இரண்டு நாள் சொச்சத்தில் சிப் நிரம்பிவிடும். பூ மூட்டையில் பூவுக்குப் பூவா சீட்டு கட்டுகிறார்கள்? மூட்டைக்கு ஒன்றுதானே. அதேபோல 12 அளவுகளை ஒரு பக்கத்தில் போட்டால் 24 பைட், சரியாக ஒரு மணி நேரம். மீதி 8 பைட் சீட்டுக்கு, அதாவது மெட்டாடேட்டாவுக்கு: வரிசை எண் 2, முதல் அளவின் நேரம் 4, எத்தனை அளவுகள் என்பதற்கு 1, சரிபார்க்கும் சிஆர்சிக்கு (மற்ற பைட்களிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சோதனை எண்) 1. இப்போது அதே சிப்பில் 5 நாள் 8 மணி நேரம் அடங்குகிறது. கரண்ட் வந்து பாதி மணியில் தொடங்கினால் 6 அளவுதான் இருக்கும், அதற்குத்தான் அந்த எண்ணிக்கை பைட்.

சீட்டுகளை எல்லாம் சிப்பின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் வைக்கலாமே என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அந்த இடத்தை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், எந்தப் பக்கம் எந்த நாள் என்றே தெரியாமல் மொத்தமும் வீணானது. சீட்டு மூட்டையோடு இருக்கட்டும். பென் டிரைவ் போன்றவற்றில் வரும் பெரிய நாண்ட் ஃபிளாஷ் சிப்களிலும் 2048 பைட் பக்கத்துக்குப் பக்கத்திலேயே 64 பைட் உதிரி இடம் விட்டிருப்பதைப் பார்க்கலாம், பிழை திருத்தும் குறியீடு அங்கேதான் போகும்.

எழுதும் முறைதான் முக்கியம். சிப்போடு பேச உதவும் ஊனோவின் வயர் லைப்ரரி ஒரு தடவைக்கு 32 பைட்தான் அனுப்பும், அதில் முகவரிக்கே 2 போய்விடும், ஆகவே முழுப் பக்கத்தை ஒரே மூச்சில் எழுத முடியாது. நல்லதாகப் போயிற்று. முதலில் 24 பைட் டேட்டாவை எழுதி 10 மில்லி செகண்ட் காத்திருங்கள், பிறகு 8 பைட் சீட்டை எழுதுங்கள். 128 பக்கமும் நிரம்பினால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து பழையதன் மேலேயே எழுதுவோம், ஆகவே நடுவில் கரண்ட் போனால் புது டேட்டாவுக்கும் பழைய சீட்டுக்கும் சிஆர்சி ஒத்துப்போகாது, அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடலாம். (8 பிட் சிஆர்சி என்பதால் 256-ல் ஒரு தடவை ஏமாறலாம், தோட்டத்துக்கு இது போதும்.) பக்கம் 32-இன் மடங்கில்தான் தொடங்க வேண்டும். எல்லையைத் தாண்டி எழுதினால் சிப் அடுத்த பக்கத்துக்குப் போகாது, சத்தமில்லாமல் அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி அங்கிருப்பதை அழித்துவிடும்.

கரண்ட் வந்ததும் 128 பக்கங்களையும் படித்து, சிஆர்சி சரியாக உள்ளவற்றில் பெரிய வரிசை எண்ணைத் தேடி, அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து தொடருங்கள். கெட்டுப்போன பக்கம் தானாகவே மறுபடி எழுதப்பட்டுவிடும். புது சிப்பில் எல்லா பைட்டும் 255 என்றே இருக்கும், ஆகவே வரிசை எண் 65535 என்றால் காலிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒன்றாக எண்ணினால் அந்த எண்ணைத் தொட ஏழரை வருஷம் ஆகும், சனி பெயர்வதற்குள் வேறு சிப் வாங்கிவிடலாம்.

கடைசியாக ஒரு சோதனை. டேட்டா எழுதுவதற்கும் சீட்டு எழுதுவதற்கும் நடுவே 5 விநாடி இடைவெளி வைத்து, அந்த நேரம் பார்த்து ப்ளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி சொருகியதும் அந்தப் பக்கம் மட்டும் விடுபட்டு, மற்ற பக்கங்கள் வரிசையாக வந்தால் இடைவெளியை எடுத்துவிட்டுப் பெட்டியை மூடலாம்.