வீட்டுக்காரருக்கு ஸ்லாலம் ஸ்கீ வாங்குவது எப்படி: முதலில் காலை அளங்கள்

ஆழியாறு, பவானிசாகர், மேட்டூர் என்று நம் பக்கம் அணைகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அதெல்லாம் பாசனத்துக்கும் குடிநீருக்கும் கட்டியது. நம் இஷ்டத்துக்கு மோட்டார் படகை இறக்கி, பின்னால் கயிறு கட்டி, தண்ணீர்மேல் வழுக்கிப் போகும் பலகையான ஸ்கீயை ஓட்ட முடியாது. அதனால் கோயமுத்தூர், ஈரோடு, பொள்ளாச்சி ஆட்கள் இந்த விளையாட்டைத் தொடுவது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போகும்போதுதான். எனக்கும் அப்படித்தான். சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றில் தம்பியின் படகு ஓடுகிறது. அங்கே நான் ஒற்றை ஸ்கீக்கு மாறியதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கும் ஆசை வந்துவிட்டது. அவருக்கு ஸ்கீயும், அதன்மேல் காலைப் பிடித்து வைக்கும் பைண்டிங்கும் தேர்ந்தெடுத்த வழியைத்தான் எழுதுகிறேன். மனைவிக்கு வாங்கும் ஆண்களுக்கும் இதே வழிதான், எண்கள் மட்டும் மாறும்.

ஸ்லாலம் என்றால் ஒரே ஒரு ஸ்கீ. முன்கால் பலகைமேல் பொருத்திய ஒரு பூட் (காலணி) உள்ளே இருக்கும், பின்கால் அதற்கு நேர் பின்னால் நிற்கும். இரண்டு ஸ்கீயில் தடுமாறாமல் போகத் தெரிந்தவர்தான் இதற்கு வர வேண்டும். உங்கள் ஆள் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை என்றால் பர்ஸை மூடி வையுங்கள்.

பெரும்பாலானவர்கள் பலகையின் நிறத்தைப் பார்த்து மயங்கி அதை வாங்கிவிட்டு, கடைசியில் ஏதோ ஒரு பைண்டிங்கை மாட்டச் சொல்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்: முதலில் கால், அப்புறம் எடை, அதற்கப்புறம்தான் பலகை. பலகை கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் ஓட்டிவிடலாம். பூட் கடித்தால் ஆள் அரை மணி நேரத்தில் கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

படி 1: எந்தக் கால் முன்னால்?

இது தெரியாமல் பைண்டிங் வாங்கக் கூடாது. பல பூட்டுகள் இடது, வலது என்று தனித்தனியாக வரும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து முதுகில் லேசாகத் தள்ளுங்கள். சமாளிக்க எந்தக் காலை எடுத்து வைக்கிறாரோ அதுதான் பெரும்பாலும் முன்கால். பேன்ட் போடும்போது எந்தக் காலில் நிற்கிறார் என்றும் கவனியுங்கள், அதுவும் பெரும்பாலும் முன்கால்தான்.

இரண்டு சோதனையும் சில சமயம் வேறு வேறு பதில் சொல்லும். அப்போது தண்ணீரைக் கேட்க வேண்டியதுதான். இரண்டு ஸ்கீயில் நேராகப் போகும்போது ஒரு காலைச் சற்றே தூக்கச் சொல்லுங்கள், அப்புறம் மறுகாலை. எந்தக் காலில் நிற்கும்போது உடம்பு ஆடாமல் இருக்கிறதோ அதுதான் முன்கால். கடையில் கேட்டால் இடது முன்னால், வலது முன்னால் என்று சொன்னால் போதும், அவர்களுக்குப் புரிந்துவிடும். இடது கைப்பழக்கம், வலது கைப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

படி 2: காலை அளந்து எழுதி வையுங்கள்

சாயங்காலம் அளங்கள். பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கி, அதன் முழு அளவில் இருக்கும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு சார்ட் பேப்பரை விரித்து, குதிகால் சுவரில் முட்ட நிற்க வையுங்கள். உட்கார்ந்துகொண்டு அளந்தால் அளவு குறைவாக வரும். எடை முழுவதும் காலில் இறங்க வேண்டும். பென்சிலை நேராகப் பிடித்து நீளமான விரலின் நுனியில் ஒரு கோடு, பாதம் அதிகமாக அகன்ற இடத்தில் இருபுறமும் ஒவ்வொரு கோடு. இரண்டு காலையும் அளங்கள். ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருப்பது சகஜம். முன்காலின் அளவுதான் பூட்டுக்கு.

அகலத்தை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், வருஷக்கணக்கில் செருப்பிலும் வெறுங்காலிலும் தோட்டத்தில் நடந்த கால் முன்பக்கம் நன்றாக அகன்றிருக்கும். என் வீட்டுக்காரர் சார்ட் பேப்பரில் ஏறி நின்றபோது கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பென்சிலே படுத்துக்கொள்ளும் இடைவெளி. "ஏனுங்க, விரலைச் சேர்த்து வைங்க" என்றேன். "சேர்த்துத்தான் அம்மிணி வெச்சிருக்கேன்" என்றார். அப்படிப்பட்ட காலுக்கு முன்பக்கம் மூடிய பூட் ஒத்துவராது. விரல்கள் வெளியே வரும்படி முன்பக்கம் திறந்த பூட் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். நம் ஊர்ச் செருப்புக் கடையில் சொல்லும் 8, 9 எல்லாம் பிரிட்டிஷ் அளவு. ஸ்கீ பூட்டில் பெரும்பாலும் அமெரிக்க அளவுதான் அச்சடித்திருப்பார்கள். ஆண்களுக்கு நம் எண்ணோடு ஏறக்குறைய ஒன்றும், பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டும் கூட்டிக்கொள்ளுங்கள். நம் 8 அங்கே ஆண்களுக்கு 9. நம் 5 பெண்களுக்கு 7. சந்தேகமாக இருந்தால் சென்டிமீட்டரைச் சொல்லுங்கள், அதில் குழப்பம் வராது.

படி 3: பைண்டிங்

முன்காலுக்கு மூன்று வகை உண்டு. இரண்டு ஸ்கீ செட்டில் வருவது போல இழுத்துச் சரிசெய்யும் ரப்பர் பட்டை ஒன்று. கணுக்காலுக்கு மேல்வரை ஏறும், கயிறு வைத்து இறுக்கும் மெத்தென்ற பூட் இரண்டாவது. பிளாஸ்டிக் ஓட்டோடு வரும் கெட்டியான பூட் மூன்றாவது, அது போட்டிக்காரர்களுக்கு. தொடக்கக்காரருக்கு நடுவில் இருப்பதை வாங்குங்கள்.

பின்காலுக்கு என் ஓட்டு டோ பிளேட்டுக்குத்தான். பாதத்தின் முன்பாதியை மட்டும் பிடிக்கும் ஒரு பட்டை, அவ்வளவுதான். தண்ணீருக்குள்ளிருந்து கிளம்பும்போது பின்காலை வெளியே தொங்கவிட்டு, சுக்கான் மாதிரி பயன்படுத்தி, பலகை மேலெழுந்து நின்றபின் மெதுவாக உள்ளே நுழைத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்கீயில் கிளம்பி ஒன்றைக் கழற்றிவிட்டுப் பழகுபவருக்கும் இதுதான் வசதி. இரண்டு காலுக்கும் முழு பூட் போட்டால் பிடிமானம் கூடும், உண்மைதான். ஆனால் இரண்டு காலும் கட்டுப்பட்ட நிலையில்தான் கிளம்பியாக வேண்டும். அதோடு, விழும்போது ஒரு கால் கழன்று மற்றது மாட்டிக்கொண்டால் கணுக்கால் போய்விடும். இரண்டு பூட்டும் சேர்ந்தே கழலும்படி இறுக்கத்தைச் சமன் செய்யும் பக்குவம் பழகியவர்களுக்கே வரும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது செய்ய வேண்டியது இது. உலர்ந்த கால் எந்தப் பூட்டுக்குள்ளும் போகாது. அதற்கென்று விற்கும் வழுக்குத் திரவத்தையோ கொஞ்சம் சோப்புத் தண்ணீரையோ தடவிக்கொள்ள வேண்டும். மேல் விளிம்பைப் பிடித்து இழுக்காமல், குதிகால் பக்கம் இருக்கும் வளையத்தைப் பிடித்து ஏற்றுங்கள். விளிம்பைப் பிடித்து இழுத்தால் அது கிழிந்துவிடும். கயிற்றை இறுக்கியபின் எழுந்து, முழங்காலை முன்னால் மடக்கி, கணுக்காலை நன்றாக வளைக்கச் சொல்லுங்கள். குதிகால் மேலே எழும்பினால் பூட் பெரிது. பாதம் மரத்துப் போனாலோ ஓரத்தில் அழுத்தினாலோ சிறிது. நான்கைந்து நிமிஷம் அப்படியே நிற்க வையுங்கள். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கட்டும், பரவாயில்லை. கடைசியாக, கயிற்றை அவிழ்க்காமல் காலைப் பலமாக இழுத்தால் வெளியே வர வேண்டும். வரவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம்.

படி 4: எடையும் படகின் வேகமும்

ஸ்கீயின் நீளத்தை முடிவு செய்வது இந்த இரண்டும்தான். உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆள் கனமாக இருந்தால் நீளம் கூட வேண்டும். படகு மெதுவாகப் போனால் அப்போதும் நீளமோ அகலமோ கூட வேண்டும். போட்டிகளில் ஆண்களுக்குப் படகு மணிக்கு 58 கிலோமீட்டர் வரையும், பெண்களுக்கு 55 வரையும் போகும். அந்த வேகத்தில் சிறிய பலகைகூடத் தாங்கும். நாம் பழகுவது 42 முதல் 48 கிலோமீட்டரில்.

அந்த வேகத்துக்கு, அகலமான பழகுநர் ஸ்கீகளில் தோராயமான கணக்கு: 50 முதல் 65 கிலோ வரை 65 அங்குலம், 65 முதல் 80 வரை 67, 80 முதல் 95 வரை 69, அதற்கு மேல் 71. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அந்தந்த ஸ்கீக்கு அவர்கள் தரும் அட்டவணைதான் கடைசிச் சொல். அட்டவணை பவுண்டில் இருந்தால் கிலோவை 2.2 ஆல் பெருக்குங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் தொடக்கக்காரருக்குப் பெரியதை எடுங்கள்.

எடையை மெஷினில் ஏற்றிப் பார்த்து எழுதுங்கள், அவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். "எழுபத்தெட்டு இருப்பேன்" என்று சொல்லும் ஆண்கள் பலருக்கு அது கல்யாணத்தன்றைய எடை. என் வீட்டுக்காரர் 88 கிலோ. என் 65 அங்குல ஸ்கீயில் அவரை ஏற்றியிருந்தால் படகு எவ்வளவு இழுத்தாலும் எழ முடியாமல் தண்ணீர் குடித்திருப்பார்.

படி 5: பலகையின் வடிவம்

கடையில் கார்பன், கோர் என்று என்னென்னவோ சொல்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அகலம். முன்காலுக்குக் கீழேயும் வால் பக்கமும் அகலமாக இருந்தால் தண்ணீரிலிருந்து சீக்கிரம் எழும், கை இழுபடாது, மெதுவான வேகத்திலும் மூழ்காது. ஹெச்ஓ கம்பெனியின் ஆம்னி இந்த ரகம். கனெல்லியின் பிக் டாடி இன்னும் அகலம். பெண்களுக்கு ரேடாரின் லிரிக் வரிசையைப் பாருங்கள்.

அடுத்தது ராக்கர். ஸ்கீயைப் பக்கவாட்டில் பார்த்தால் அடிப்பாகம் லேசாக வளைந்திருக்கும் இல்லையா, அதுதான். வளைவு கூடினால் சுலபமாகத் திரும்பும், வேகம் குறையும். வளைவு குறைந்தால் சீறிக்கொண்டு போகும், திருப்புவது கஷ்டம். பழகுபவருக்கு நடுத்தரம் போதும். முழு கார்பன் ஸ்கீ எடை குறைவு, விறைப்பு அதிகம், விலையும் அதிகம். முதல் ஸ்கீக்குத் தேவையில்லை. ஃபைபர்கிளாஸ் கலந்தது தாராளமாகப் போதும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்கீடு கட்டாயம் வரும். தம்பி சொன்னான், "எதுக்குக்கா புதுசு? மாமா என்னோடதையே எடுத்துக்கட்டும்." அவனுடையது போட்டிக்குச் செய்த ஒடுங்கின ஸ்கீ. ஒல்லியான, வருஷக்கணக்கில் பழகிய ஆளுக்கு வளைத்து வளைத்துப் போக அது அருமை. புது ஆளுக்கு நேராக நிற்கவே விடாது. வீட்டு ஆட்கள் பாசத்தில் கொடுப்பதை வேண்டாம் என்பது சங்கடம்தான், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

படி 6: பழையதாக வாங்கினால்

மோசமில்லை, பாதி விலைக்குக்கூட நல்லது கிடைக்கும். மேற்புறம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது அமுங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஸ்குரூ ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, ஓரத்தில் அடுக்குகள் பிரிகின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வால் பக்கம் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடான ஃபின் வளைந்திருக்கக் கூடாது. அதைத் தொடும்போது ஜாக்கிரதை, கத்தி மாதிரி கையைக் கிழிக்கும். பைண்டிங் மட்டும் முடிந்தவரை புதிதாக வாங்குங்கள். அடுத்தவர் காலுக்குப் படிந்த பழைய பூட் உங்கள் ஆளின் காலுக்கு ஒத்துழைக்காது.

படி 7: மாட்டுவது

பைண்டிங் தகட்டில் முன்னும் பின்னுமாக வரிசையாக ஓட்டைகள் இருக்கும். நடு ஓட்டையில் தொடங்குங்கள். டோ பிளேட்டைப் பின்காலின் விரல்கள் முன் பூட்டின் குதிகாலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். அதன் பட்டை கால் சுலபமாக நுழைந்து வெளியே வரும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். ஃபின்னைக் கம்பெனி வைத்த இடத்திலிருந்து அசைக்காதீர்கள். முதல் நாள் ஓட்டியபின் எல்லா ஸ்குரூவையும் இன்னொரு முறை முறுக்குங்கள்.

மற்ற சாமான்கள்: எடைக்கும் மார்பளவுக்கும் பொருந்தும், அந்நாட்டுச் சான்று பெற்ற லைஃப் ஜாக்கெட். கிணற்றில் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகியவர், வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டவர் என்றாலும் இது கட்டாயம். கைப்பிடியோடு சேர்ந்து 23 மீட்டர் கயிறு. கொப்புளம் வராமல் இருக்கக் கையுறை. படகில் ஓட்டுபவர் தவிர, பின்னால் விழுபவரைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர். சிட்னி பக்கம் அது சட்டமே.

வாங்கியதை ஊருக்குத் தூக்கி வரலாமா என்று கேட்பீர்கள். பல விமான நிறுவனங்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்தே 158 சென்டிமீட்டர்தான் அனுமதி. 69 அங்குல ஸ்கீயின் நீளம் மட்டுமே 175. தம்பி வீட்டு கராஜிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பூட்டின் கயிறுகளைத் தளர்த்தி, நிழலில் காயவைத்து, ஃபின்னுக்கு உறை போட்டு, வெயில் படாத மூலையில் நிறுத்தச் சொல்லுங்கள்.