ஒட்டப்பிடாரம் போகுமுன் தாத்தாவின் மைலோ டின்னைத் திறங்கள்

டிசம்பர் விடுமுறைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து தமிழ்நாடு போகிற குடும்பங்கள் கோயில், துணிக்கடை, சொந்தக்காரர் வீடு என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. தெற்கே போகிறவர்கள் வ.உ.சி.க்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆனால் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கதை சொல்லாமல் கூட்டிப்போனால் சிலைக்குக் கீழே நின்று ஐஸ்கிரீம் கேட்பார்கள். எங்களுக்கு முதல் முறை அதுதான் நடந்தது.

நான் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று ஆரம்பித்தது தப்பு. “அப்போ அவரு கேப்டனாப்பா?” என்றான் மகன். இல்லை, வக்கீல். வக்கீலுக்குக் கப்பல் எப்படி வந்தது? அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்த முறை அப்பாவின் மைலோ டின்னைத் திறந்தேன். உள்ளே கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டு, ஓரம் பழுத்துப்போய் இருந்தது. பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் பால்மரம் வெட்டுகிறவர்கள் வீடிழந்து நின்ற காலத்தில், நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி, தொழிலாளிகளே தோட்டம் வாங்கினார்கள். “தாத்தா தோட்டத்துக்கு முதலாளியா?” என்று மகளுக்கு ஒரே ஆச்சரியம். ஆமாம், துளியூண்டு முதலாளி.

அதே வேலையைத்தான் தூத்துக்குடியில் 1906இல் வ.உ.சி. செய்தார் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். அவர் தொடங்கியது சுதேசிக் கப்பல் கம்பெனி, பங்கு ஒன்று 25 ரூபாய். சேர்ந்த பணத்தில் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது, கடைசியில் இலவசமாக ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்றது. 1908இல் தூத்துக்குடி கோரல் நூல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கும் முன்னின்றார். கூலி உயர்வும் ஞாயிறு லீவும் கிடைத்தன. கொஞ்ச நாளிலேயே அவர் கைதானார். 1912 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவருடைய சுதேசிக் கம்பெனியே இல்லை.

சரி, பயணம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேர விமானம், அங்கிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குச் சாலையில் அரை நாள். ஈ-விசாவை முன்பே எடுத்துவிடுங்கள். காலையில் பசியாறிவிட்டு ஒட்டப்பிடாரம் கிளம்புங்கள். அவர் 1872இல் பிறந்த வீடு இப்போது நினைவில்லம். விடுமுறை நாள் எது என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மனை 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள், வ.உ.சி. அதற்கு நூறு வருஷம் பிந்தியவர். ஒரே நாளில் பார்த்தால் பிள்ளைகள் இருவரையும் குழப்பிக்கொள்வார்கள், காரிலேயே சொல்லிவிடுங்கள்.

சென்னை வழியாகத் திரும்பினால் கிண்டி காந்தி மண்டபத்தில் அவர் சிறையில் இழுத்த செக்கு இருக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலை மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்குச் செக்கு என்னவென்றே தெரியாது. மாடு சுற்றும் இடத்தில் மனுஷனைப் பூட்டினார்கள் என்றால் போதும், அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

அப்புறம், டிசம்பரில் அந்தப் பக்கம் நல்ல மழை இருக்கும், குடை மறக்காதீர்கள். ஒட்டப்பிடாரத்தில் தூறல் தொடங்கியதும் மகளிடம் குடையை நீட்டினேன். “இது யாரு குடுத்த குடைப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் விரித்தாள்.