டிரிஸ் தாங்கல் கரைசல் தயாரித்தல்: வெப்பநிலையில் வைக்க வேண்டிய கவனம்

நொதியோ புரதமோ ஆய்வின்போது தன் இயல்பு கெடாமல் இருக்க வேண்டுமானால், அது இருக்கும் கரைசலின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) நிலையாக இருக்க வேண்டும். அதை அப்படி மாறாமல் வைத்திருப்பதே தாங்கல் கரைசல். எந்தத் தாங்கலும் தன் பிகேஏ (அதன் அமில வடிவமும் கார வடிவமும் சம அளவில் இருக்கும் பிஎச்) அளவுக்கு மேலும் கீழும் ஏறத்தாழ ஓர் அலகுக்குள்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், தேவையான பிஎச்சுக்கு மிக அருகில் பிகேஏ உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் தாங்கல்களில், 25 டிகிரி செல்சியஸில் பாஸ்பேட்டுக்கு அது 7.2, ஹெப்பீஸுக்கு 7.5, டிரிஸுக்கு 8.1. கால்சியம் அயனி இருக்கும் சோதனையில் பாஸ்பேட் வீழ்படிவை உண்டாக்கும். அங்கே அதைத் தவிர்ப்பதே நல்லது.

டிரிஸ் விலை மலிவு, கையாளவும் எளிது. ஆனால் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அதன் பிஎச் ஏறத்தாழ 0.028 குறையும். பாஸ்பேட்டில் இந்த மாற்றம் 0.003 அளவுதான். 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்த டிரிஸ், 4 டிகிரி குளிர் அறையில் 8.6 ஆகவும், 37 டிகிரி அடைகாப்பானில் 7.7 ஆகவும் இருக்கும். நூல்களில் ‘அறை வெப்பநிலை’ என்றால் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி. பினாங்கிலோ குளிர்சாதனம் ஓடும் ஆய்வுக்கூடத்துக்குள் 22 டிகிரி இருக்கும்போதே, வெளியே தாழ்வாரத்தில் 31 டிகிரி இருக்கும். ஆகவே கரைசலை எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ, அதே வெப்பநிலையில் வைத்துத்தான் பிஎச்சைச் சரிசெய்ய வேண்டும்.

1 மோலார் செறிவில் ஒரு லிட்டர் தயாரிக்க, 121.1 கிராம் டிரிஸ் காரத்தை எடைபோட்டு, 800 மில்லிலிட்டர் தூய நீரில் காந்தக் கலக்கியின் உதவியால் முழுவதும் கரைக்கவும். பிஎச் 8.0 வேண்டுமானால் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 42 மில்லிலிட்டர் தேவைப்படும். புகை உறிஞ்சும் பெட்டகத்துக்குள், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, முதலில் 35 மில்லிலிட்டரை மெதுவாக ஊற்றுங்கள். பீக்கரைத் தொட்டால் சூடு தெரியும். அந்தச் சூட்டோடு பிஎச் பார்த்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், கரைசல் உரிய வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்திருந்து, மீதி அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். அளவு தாண்டிவிட்டால் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றித் திருத்த முயல வேண்டாம். தேவையற்ற உப்பு கூடிவிடும். புதிதாகத் தயாரிப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து. பிறகு அளவுக் குடுவையில் ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள்.

பிஎச் மானியை 7.00, 10.01 ஆகிய இரு திட்டக் கரைசல்களால் அன்றன்றே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். மானியில் உள்ள தானியங்கி வெப்பநிலை ஈடு மின்முனையின் உணர்திறனை மட்டுமே திருத்துகிறது. உங்கள் கரைசலின் பிஎச் வெப்பத்தால் மாறுவதை அது திருத்துவதில்லை. இதைப் பலர் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் மின்முனையை வடிநீரில் அல்லாமல், 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.

புட்டியின் மேல் ‘டிரிஸ், பிஎச் 8.0’ என்று மட்டும் எழுதுவது போதாது. ‘4 டிகிரியில் 8.0’ என்பதுபோல் வெப்பநிலையும், செறிவும், தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். பத்து மடங்கு நீர்க்கும்போது டிரிஸின் பிஎச் ஏறத்தாழ 0.1 குறையும் என்பதால், நீர்த்த கரைசலையும் ஒருமுறை அளந்து பார்த்த பிறகே சோதனைக்கு எடுங்கள்.