கண்ணாடிப் பால்குப்பியா, பிளாஸ்டிக்கா? முதல் பிள்ளை பெற்றவர்களுக்கு

பாலக்காட்டுக் கடையில் பால் பாட்டில் கேட்டதும், "சில்லுக்குப்பி வேணோ, பிளாஸ்டிக் மதியோ?" என்றார் கடைக்காரர். மலையாளத்தில் சில்லு என்றால் கண்ணாடி, மதி என்றால் போதும். கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்ட எனக்கு இது பழகிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அம்மாதான் பதறிப்போய், "உடைஞ்ச குப்பிய எதுக்குக் கண்ணு காட்டறாரு?" என்று என் காதைக் கடித்தார். அன்றைக்கு இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினேன். இப்போதும் இரண்டு வகையும் வீட்டில் இருக்கின்றன. எதற்கு எது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பாட்டில் வேண்டுமா?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். நேரடியாகக் கொடுக்க முடிகிறவர்களுக்குப் பாட்டிலே தேவையில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பீய்ச்சி வைத்த பாலைச் சங்கில் (பாலாடை) புகட்டலாம். கழுவ அதைப்போல எளிது வேறில்லை. அழுக்கு ஒளிய இடுக்கே கிடையாது. நான்காம் மாதம் நான் கோயம்புத்தூர் வேலைக்குத் திரும்பியபோது அத்தை சங்கில்தான் ஆரம்பித்தார். பாதிப் பால் பிள்ளையின் கழுத்து மடிப்புக்குப் போனதால்தான் பாட்டிலுக்கு வந்தோம்.

இரண்டாம் படி: கடையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள்

பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். பரவலாகக் கிடைப்பது இதுதான். 7 என்பது 'மற்றவை'. நல்ல பிளாஸ்டிக்கும் அதற்குள் வரும், பழைய பாலிகார்பனேட்டும் வரும். பாலிகார்பனேட்டிலிருந்து பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருள் பாலில் கசியும் என்பதால் ஐரோப்பாவில் 2011இலும் அமெரிக்காவில் 2012இலும் குழந்தை பாட்டில்களில் அதைத் தடுத்துவிட்டார்கள். ஆகவே, நாத்தனார் பிள்ளைக்கு 2009இல் வாங்கிய பாட்டில் பரணில் பளபளவென்று இருந்தாலும் எடுக்காதீர்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தர எண் பிளாஸ்டிக்குக்கு ஐ.எஸ். 14625, கண்ணாடிக்கு ஐ.எஸ். 5168. பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதையும் இலவசப் பொருள் கொடுத்து இழுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று யாராவது நீட்டினால் அந்தக் கடையே வேண்டாம்.

கண்ணாடியில் 'போரோசிலிகேட்' என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். ஏன் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் வாங்கியது சாதாரணக் கண்ணாடி. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து அப்படியே கொதிநீர்க் கிண்ணத்தில் வைத்தேன். டப்பென்று ஒரு சத்தம். அடிப்பக்கம் வட்டமாகக் கழன்று, வெந்நீரெல்லாம் பாலாகிவிட்டது. வெளிப்புறம் சூட்டில் விரிகிறது, உட்புறம் குளிரில் அப்படியே நிற்கிறது. அந்த இழுபறியில் விரிசல் விடுகிறது. போரோசிலிகேட் விரிவது சாதாரணக் கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதற்காக அதையும் இப்படிச் சோதிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: சூடு எங்கே படுகிறது?

என்னைக் கேட்டால் முடிவே இதில்தான் இருக்கிறது. பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால் கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாலிபுரோப்பிலீனோ சூட்டில் நுண்துகள்களை உதிர்க்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் எண்ணிப் பார்த்ததில், லிட்டருக்கு 25 டிகிரியில் சுமார் 6 லட்சம் துகள்கள், 95 டிகிரியில் 5.5 கோடி. அவர்கள் எண்ணியது துகள்களைத்தான், அதனால் வரும் கெடுதலை அல்ல. பயந்து சாக வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலிலோ எவர்சில்வர் டம்ளரிலோ கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, ஆறிய பிறகு பிளாஸ்டிக்கில் ஊற்றினால் போயிற்று.

தாய்ப்பாலைக் கொதிக்க வைக்கவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தினால் போதும். பீய்ச்சிய பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். பாலக்காட்டு மார்ச் வெயிலில் அதையும் நம்பாதீர்கள்.

எங்கள் வீட்டில் அடுப்படியில் கண்ணாடி, வேலந்தாவளம் வழியாகப் பஸ் ஏறினால் பிளாஸ்டிக். பிள்ளை தானே பிடித்துக் குடிக்கத் தொடங்கிய பிறகு அவன் கையிலும் பிளாஸ்டிக்தான். ஆடிக் காற்றில் படீரென்று சாத்தும் கதவுக்கே அவன் கையில் உள்ளதை எறிந்துவிடுகிறான்.

நான்காம் படி: கழுவுவது

பிரித்துப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, நிப்பிளை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக் கழுவுங்கள். பிறகு பாத்திரத்தின் அடியில் ஒரு துணி விரித்து, பச்சைத் தண்ணீரில் மூழ்க வைத்து, அதன்பின் அடுப்பைப் பற்ற வையுங்கள். கொதி வந்து பத்து நிமிடம். பிளாஸ்டிக் என்றால் இறக்கிய பிறகு, காய்ச்சி ஆறிய நீரில் மூன்று முறை அலச வேண்டும்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. ஒரே வாரத்தில் கண்ணாடிக்குள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை படியும். எலுமிச்சைச் சாறு கலந்த நீரை அரை மணி ஊற விட்டால் விட்டுவிடும். பிளாஸ்டிக் மங்கினால் அது உப்பா கீறலா என்றே தெரியாது. எலுமிச்சைக்கும் மங்கல் போகவில்லை என்றால் கீறல்தான், தூக்கிப் போடுங்கள்.

கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாய் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அன்றோடு சரி. நிப்பிளை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய தேதியை அத்தை பால் கணக்கு காலண்டரில் எழுதி வைக்கிறார், பால்காரர் வராத நாளுக்குப் பக்கத்திலேயே.