உலாவியில் இயங்கும் மென்பொருளா, கணினியில் நிறுவுவதா: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தொழிலுக்கு மென்பொருள் தேடுபவர்கள் பெரும்பாலும் விலையில் தொடங்கி வசதிகளின் பட்டியலில் முடித்துவிடுகிறார்கள். அவை இரண்டையும் சற்று ஒதுக்கிவைத்து, இணைய இணைப்பு ஒரு மணி நேரம் அறுந்தால் எந்தெந்த வேலை நிற்கும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரை எதிரே நிறுத்திக்கொண்டு பில் போடுவதும், மாதக் கடைசியில் அறிக்கை எடுப்பதும் ஒரே அவசரம் உடையவை அல்ல. பில் நிற்கவே கூடாது என்றால், கணினியில் நிறுவும் மென்பொருளையோ, இணைப்பு இல்லாதபோது பதிவுகளைச் சேர்த்துவைத்துப் பிறகு சர்வருக்கு, அதாவது விற்பவரின் மையக் கணினிக்கு, அனுப்பும் இணையவழி (உலாவியில் இயங்கும்) மென்பொருளையோதான் நாட வேண்டும். விற்பவர் தரும் உறுதிமொழியையும் கணக்குப் போட்டுப் படியுங்கள்: 99.9 சதவீத நேரம் இயங்கும் என்பதற்கு, ஆண்டில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் முடங்கினாலும் வாக்கு மீறப்படவில்லை என்றே பொருள்.

பல இடங்களிலிருந்து பலர் ஒரே கணக்கைத் திருத்த வேண்டியிருந்தால் இணையவழியே எளிது. காணொளித் தொகுப்பு, கட்டட வரைபடம் போன்ற கனமான கோப்புகளுக்கு நிறுவும் மென்பொருள் பொதுவாக ஏற்றது.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் தரவுதான். இலவசச் சோதனைக் காலத்திலேயே ஐம்பது பதிவுகளை உள்ளிட்டு, அவற்றை எக்செல் அல்லது சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பாக வெளியே எடுத்து, தேதிகள் மாறாமல் வந்தனவா, இணைத்த ரசீதுப் படங்களும் உடன் வந்தனவா என்று பாருங்கள். உள்ளே விடுவதில் காட்டும் தாராளத்தை வெளியே விடுவதில் காட்டாத மென்பொருள், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. நிறுவும் மென்பொருளில் தரவு உங்களிடமே இருந்தாலும் அதைக் காக்கும் பொறுப்பும் உங்களுடையதே; ஆகவே பேக்கப் எடுத்ததோடு நிற்காமல், அதை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று சொல்வதற்கில்லை.

விலையை ஐந்தாண்டுக்குக் கணக்கிடுங்கள். இணையவழி மென்பொருளின் சந்தாவில், பயன்படுத்தும் ஆட்கள் கூடும்போது கூடும் தொகையையும், நிறுவும் மென்பொருளில் புதிய பதிப்பு, கணினி மாற்றம், பராமரிப்பு ஆகியவற்றையும் சேருங்கள். ஒருமுறை வாங்கியது என்றைக்கும் ஓடும் என்று எண்ண வேண்டாம்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தன; இப்படி இயங்குதளம் மாறும்போது பழைய மென்பொருளும் சேர்ந்து தடுமாறலாம். விற்கும் முறையும் நிலையானது அன்று. ஃபோட்டோஷாப் போன்றவற்றின் புதிய பதிப்புகளை இனிச் சந்தாவில் மட்டுமே தருவதாக அடோபி நிறுவனம் 2013-இல் அறிவித்ததைப் போல, நிறுவனங்கள் அதை மாற்றிக்கொள்வதுண்டு.

முடிவெடுத்த பிறகும் பழையதை உடனே நிறுத்த வேண்டாம். ஒரு மாதம் இரண்டிலும் பதிவு செய்து, மாத இறுதியில் இரு கணக்குகளின் இருப்பும் ஒத்துப்போன பின்னரே பழையதை மூடுங்கள்.