கென்யா கிராமத்து கிளினிக்குக்குப் புறப்படும் நர்ஸ்களுக்கு

ராயபுரத்தில் எங்கள் சபையிலிருந்து இந்த வருடம் இரண்டு பெண்கள் மிஷன் வேலைக்காகக் கென்யா போகிறார்கள். இருவரும் நர்ஸ். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டு, "என்னென்ன எடுத்துட்டுப் போகணும்க்கா?" என்று கேட்டார்கள். மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து கிளினிக்கில் ஆறு வருடம் இருந்தவள் நான். டாக்டர் மாதம் இருமுறை வருவார். மற்ற நாட்களில் நானும் உள்ளூர் உதவியாளர்கள் இருவரும்தான். அந்தப் பெண்களிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் எழுதுகிறேன்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். முட்டை ஒத்துக்கொள்ளாது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். கென்ய நர்சிங் கவுன்சிலின் அனுமதி கைக்கு வராமல் ஒரு ஊசிகூடப் போடக் கூடாது. மலேரியா தடுப்பு மாத்திரை உங்களுக்கு எது சரி என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் தலையில் மாட்டும் டார்ச் இரண்டு, குக்கர் கேஸ்கட், புளி, சுக்கு வையுங்கள். அங்கே பிளக்குக்கு மூன்று பட்டைக் கால். நம் சார்ஜர் நேராகப் பொருந்தாது. டார்ச்சை ஏன் சொல்கிறேன் என்றால், ராத்திரி பிரசவத்தில் இரண்டு கையும் வேலையில் இருக்கும்.

காலையில் கதவைத் திறக்கும் முன் செய்ய வேண்டியது இரண்டு. முதலில் தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, காலையும் மாலையும் நோட்டில் எழுதுங்கள். கரண்ட் போனால் திறந்து திறந்து பார்க்காதீர்கள். சூடு பட்டால் மருந்து கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டா மருந்து உறைந்தாலும் கெட்டுவிடும். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் அதைக் குழந்தைக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது, வரிசை. மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வைத்து வளர்ந்தவர்கள் நாம். முதலில் வந்தவருக்கு முதல் குடம் என்பது நம் ரத்தத்தில் ஊறியது. கிளினிக்கில் அதை மறந்துவிடுங்கள். வரிசையின் கடைசி வரை நடந்து ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் பாருங்கள். பால் குடிக்காத குழந்தை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கும் குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, கூப்பிட்டால் கண் திறக்காத குழந்தை, ரத்தப்போக்கோடு வந்த கர்ப்பிணி, இவர்களை உடனே உள்ளே கூட்டி வாருங்கள். துவண்டு கிடக்கும் குழந்தை அழாது. அழுகிற குழந்தைக்கே இடம் கிடைத்துவிடும் என்பதால்தான் கடைசி வரை நடக்கச் சொல்கிறேன்.

அங்கே வருபவர்களில் பாதிப் பேர் "ஹோமா" என்பார்கள். காய்ச்சல் என்று அர்த்தம். பார்த்தவுடன் மலேரியா மாத்திரை கொடுக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கிட்டில் விட்டு, அதில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து படியுங்கள். பெரும்பாலான கிட்டுக்குப் பதினைந்து நிமிடம். மலேரியா இல்லை என்று வந்தால் நெஞ்சு, காது, சிறுநீர் என்று வேறு காரணத்தைத் தேடுங்கள். இருக்கிறது என்று வந்தால், மூன்று நாளில் ஆறு வேளை மருந்து. முதல் வேளையை உங்கள் கண்முன்னால் கொடுங்கள். பாலோடு, அல்லது கொஞ்சம் எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டாவது வேளை, எட்டு மணி நேரம் கழித்து.

இந்த இரண்டாவது வேளையில்தான் நான் தவறினேன். ஒரு குழந்தைக்குப் பகல் பன்னிரண்டுக்கு முதல் மருந்து கொடுத்தேன். அடுத்தது ராத்திரி எட்டு மணிக்கு. அங்கே பேசும் சுவாஹிலியில் எட்டுக்கு "நானே". அதனால் அம்மாவிடம் "சா நானே உசிகு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றார். அவர்கள் பகல் மணியை விடியலிலிருந்தும் ராத்திரி மணியைப் பொழுது சாய்ந்ததிலிருந்தும் எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. நான் சொன்ன எட்டு அவருக்கு நள்ளிரவு இரண்டு மணி. மருந்து தவறக் கூடாதே என்று அதுவரை தூங்காமல் உட்கார்ந்திருந்து, குழந்தையை எழுப்பிக் கொடுத்திருக்கிறார். அந்த இடைவெளி ஆறு மணி நேரம் நீண்டுவிட்டது. நல்லவேளை, குழந்தை தேறிவிட்டது. ஆனால் அந்த அம்மா என் வார்த்தையை நம்பி விழித்திருந்ததை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

அன்றிலிருந்து மருந்து உறையில் மணி எழுதுவதை விட்டேன். உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று படம் வரைந்து, அதன் கீழ் எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம் போட்டேன். பிறகு, "வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீங்க, எனக்குச் சொல்லுங்க" என்று கேட்பேன். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். உப்புச்சர்க்கரைக் கரைசலுக்கும் இப்படித்தான். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டும் உண்டு, அரை லிட்டருக்கானதும் உண்டு. படித்துப் பார்த்து, அவர்கள் வீட்டுப் பாத்திரத்திலேயே அளவுக் கோடு போட்டுக் கொடுங்கள்.

மொழியைப் போவதற்கு முன்பே தொடங்குங்கள். மருந்துக்கு "டாவா", வண்ணாரப்பேட்டையில் உருது பேசும் வீடுகளில் "தவா" என்பார்களே, அதே சொல்தான். பெண்களை மரியாதையாக "மாமா" என்று அழைக்க வேண்டும். நமக்கு நாக்கு தயங்கும், ஒரு மாதத்தில் பழகிவிடும். வலியோடு வருபவரிடம் முதலில் "போலே" என்று சொல்லுங்கள். உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. நான் பிறந்தது ரெய்னி ஆஸ்பத்திரியில். ஸ்காட்லாந்திலிருந்து 1880களின் பிற்பகுதியில் வந்த டாக்டர் மெட்டில்டா மெக்ஃபெயில் சிறிய அளவில் தொடங்கிய வைத்தியம்தான் 1914ல் இங்கே அந்த ஆஸ்பத்திரியாக நின்றது. நம் கொள்ளுப்பாட்டிகள் வலியைத் தமிழில்தான் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்க அங்கே ஒருவர் காது கொடுத்திருக்கிறார்.

ஜெபம் பற்றிக் கேட்டார்கள். மருந்தைக் கொடுத்து முடித்துவிட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும் ஜெபியுங்கள். ஜெபித்தால்தான் மாத்திரை கிடைக்கும் என்று ஒரு நோயாளிகூட நினைத்துவிடக் கூடாது. அப்புறம், ஊரிலிருந்து போட்டோ கேட்பார்கள். மெலிந்த குழந்தையின் படத்தை அனுப்பாதீர்கள். உங்கள் தங்கச்சி பிள்ளை அப்படிக் கிடந்தால் யாருக்காவது அனுப்புவீர்களா? கட்டிடத்தை, ஃபிரிட்ஜை, மழைநீர்த் தொட்டியை எடுத்து அனுப்புங்கள். வீட்டில் மீந்த மாத்திரைகளைச் சேர்த்து அட்டைப்பெட்டியில் அனுப்புகிறோம் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாதி காலாவதியாகிவிடும், மீதியின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. பணமாக அனுப்பச் சொல்லி அங்கேயே வாங்குங்கள்.

வீட்டோடு தினமும் பேசுங்கள். அங்கே மாலை ஆறு என்றால் இங்கே எட்டரை. அம்மா சீரியல் பார்க்கும் நேரம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக ஒன்று. திரும்பி வந்து சில மாதங்கள் கழித்துக்கூட மலேரியா தலைகாட்டலாம். காய்ச்சல் அடித்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காமல், அன்றே ஸ்டான்லிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ போங்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே, "நான் கென்யாவிலிருந்து வந்திருக்கேன், மலேரியா டெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.