முதலில் எர்த், அப்புறம் ஆன்டெனா: வேலூர் மொட்டை மாடியில் ஒரு ஹாம் நிலையம்

பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எந்த ஆன்டெனா போடலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "வீட்டில் எர்த் இருக்கிறதா?"

காரணம் இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருந்தபோது, ரேடியோவின் 13.8 வோல்ட் பவர் சப்ளையின் இரும்புப் பெட்டியில் புறங்கை பட்டதும் சுருசுருவென்று இழுத்தது. மல்டிமீட்டரில் நூறு வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. இரைச்சலை வடிகட்ட, எஸ்எம்பிஎஸ் எனும் இந்த வகைப் பவர் சப்ளைக்குள் லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகப் பெட்டிக்கு இரண்டு சிறு கபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் நிற்கும். சாக்கெட்டைக் கழற்றினால், மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை! இதே எர்த்தை நம்பித்தான் நாம் மைக்கை உதட்டருகில் பிடிக்கிறோம்.

படி 1: இருப்பதைச் சோதிப்பது

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே, லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள அளவே ஏறத்தாழ வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருந்தால் சரி. ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் மோசமான எர்த்கூட அதில் நல்லதாகத் தெரியும். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை அழைத்து ஓம் கணக்கில் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி. மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். எர்த் ஒயரை நியூட்ரலோடு முறுக்கிவிட்டு "இதுவும் எர்த்தான்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் லைன் மின்சாரம் உங்கள் பெட்டிக்கே வந்துவிடும்.

படி 2: எர்த் குழி

வழக்கமான முறை, மூன்று மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைச் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றி நிரப்புவது. குழி சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஆனால் மலையடிவாரத்தில் கடப்பாரை நான்கடியிலேயே 'டங்' என்கிறது. எங்கள் வீட்டில் தோண்டிய அண்ணன், "தம்பி, இதுக்கு மேல பாறைதான், வெடி வெச்சாத்தான் உண்டு" என்று மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டார். ஆழம் கிடைக்காத இடத்தில் நீளத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டரை அடி ஆழத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு வாய்க்கால் வெட்டி, ஜிஐ பட்டையைப் படுக்கவைத்துக் களிமண்ணால் மூடினோம். களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாலாற்றங்கரைப் பக்கம் தோண்டுவது சுலபம், ஆனால் மணல் தண்ணீரை நிற்கவிடாது. அங்கேயும் களிமண்ணோ பெண்டோனைட் என்ற களிமண் தூளோ தேவை.

உப்பு மழையில் கரைந்து போகும், பைப்பையும் அரிக்கும். கெமிக்கல் எர்த்திங் பவுடர் கொஞ்சம் செலவு, ஆனால் நீடிக்கும். கத்திரி வெயில் நாட்களில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் ஓம் ஏறும்.

படி 3: எல்லா எர்த்தையும் ஒன்றாக இணைப்பது

ரேடியோவுக்குத் 'தனி எர்த்' போட்டு, அதை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது ஆபத்து. அருகில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் வேறுபாடு வரலாம், அது பாயும் பாதை உங்கள் ரேடியோ. வீட்டு எர்த், ரேடியோ எர்த், ஆன்டெனாக் கம்பத்தின் எர்த் மூன்றையும் தடித்த பட்டையால் வெளியிலேயே கட்டிவிடுங்கள். செம்பை ஜிஐயோடு நேராக முறுக்கினால் அரிக்கும், ஈயம் பூசிய லக் (ஒயர் முனையில் பொருத்தும் உலோகக் காது) வைத்து போல்ட் போடுங்கள்.

படி 4: எந்த ஆன்டெனா?

2 மீட்டர் பேண்டில், அதாவது 144–146 மெகாஹெர்ட்ஸில், அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். வேலூரைச் சுற்றி நிற்கும் மலைகள் அதை மறிக்கும். ஊருக்குள் பேச 49 செ.மீ. கம்பி ஒன்று மேலே, அதே நீளத்தில் நான்கு கம்பிகள் கீழே 45 டிகிரி சரிவாக வைத்த கிரவுண்ட் பிளேன் போதும்.

வெளியூர் பேச 40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த இரு கைக் கம்பி ஆன்டெனாதான் என் தேர்வு. தாழ்வாகக் கட்டிய டைபோலிலிருந்து அலை பெரும்பாலும் நேர் மேலே போய், வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுக் குடையைப் போல இறங்குகிறது. மலை குறுக்கே வருவதே இல்லை. பகலில் சென்னை, பெங்களூர், மதுரை எல்லாம் எட்டும். தன் இரண்டு கைகளே ஒன்றுக்கொன்று ஈடுகொடுப்பதால் அலைக்கென்று இதற்குத் தனி எர்த் வேண்டாம். தரையில் செங்குத்தாக நிற்கும் வெர்டிகல் ஆன்டெனாவுக்கு அடியில் சுற்றிலும் ரேடியல் ஒயர்களைப் பரப்ப வேண்டும், அதற்கு இடமும் வேண்டும்.

படி 5: டைபோல் கட்டுவது

மொத்த நீளம் மீட்டரில் = 143 ÷ மெகாஹெர்ட்ஸ். 7.1க்கு ஏறக்குறைய 20.1 மீட்டர், ஒரு கைக்குப் பத்து. முதலில் பத்தரை மீட்டராக வெட்டுங்கள். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவு) 6.8 மெகாஹெர்ட்ஸில் குறைந்தபட்சமாக வந்தால், 10.5 × 6.8 ÷ 7.1 = 10.06. அந்த அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். நடுவை மாடிக் கம்பத்தில் ஏற்றி, இரண்டு நுனிகளையும் கைக்கு எட்டாத உயரத்தில் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். அனுப்பும்போது நுனியில் மின்னழுத்தம் அதிகம், தொட்டால் சுடும். ரேடியோவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள் இணையும் இடத்தை எம்-சீல் வைத்து மூடுங்கள், ஒரு மழை உள்ளே போனால் கேபிள் வீண். இங்கத்திய வெயிலில் நைலான் கயிறு சீக்கிரம் நைந்துவிடும், கோடை முடிந்ததும் மாற்றுங்கள். அறுந்து விழுந்தாலும் தெருமின்கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்துக் கட்டுவது கட்டாயம்.

படி 6: கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடம்

சுவருக்கு வெளியே, திடீர் மின்பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் வைத்து, அதை எர்த் பட்டையில் சேருங்கள். நேரடி இடியை அது தாங்காது. அதனால் சாயங்காலம் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தால், முதல் இடி கேட்கும் முன்பே கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள், பவர் சப்ளை பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இடி சத்தம் ஏற்கெனவே கேட்டுவிட்டதா? இனி கேபிளில் கை வைக்காதீர்கள், அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.